பூட்டிய பீரோவும் பதினோராம் வகுப்பும்

கதைக்கோப்பு நடத்துகிற நாள் வந்தாலே எனக்குத் தலைவலிதான். தொடக்கம், சிக்கல், வளர்ச்சி, உச்சம், முடிவு என்று பலகையில் ஒரு முக்கோணம் போட்டு ஐந்தையும் குறிப்பேன். நான் திரும்புவதற்குள் எவனாவது தன் நோட்டில் அந்த முக்கோணத்தின் உச்சியில் வேல் நட்டு, பக்கவாட்டில் படிக்கட்டும் வரைந்து முடித்திருப்பான். திருத்தணிப் பிள்ளைகளுக்கு உச்சம் என்றால் வேறென்ன தோன்றும்! "ஏறினாங்க, சாமி பாத்தாங்க, எறங்கினாங்க. கதை ஓவர் மிஸ்" என்பான். அது கதை இல்லையடா, டூர் என்று கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம்.

அப்போது நான் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் மிஸ். சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. சேர்ந்த அன்றே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பி.எட். பட்டம் வரை என் ஒரிஜினல் அத்தனையையும் வாங்கி, ஒரு பழுப்புக் கவரில் போட்டு, கரஸ்பாண்டன்ட் அறையில் இருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். கரஸ்பாண்டன்ட் என்றால் பள்ளியின் முதலாளி. "சேப்டிக்குத்தாம்மா" என்றார். யாருடைய சேப்டிக்கு என்று கேட்க எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. வருஷ நடுவில் டீச்சர்கள் வேறு வேலைக்கு ஓடிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம்.

ஆடி மாதத்தில் எனக்கு அரசுப் பள்ளி வேலைக்கு அழைப்பு வந்தது. தேர்வில் தேறியிருந்தேன். ஒரு சனிக்கிழமை திருவள்ளூரில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் எல்லாவற்றோடும் போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் என் இடம் அடுத்தவருக்குப் போய்விடும், மறுபடி எப்போது தேர்வு வைப்பார்கள் என்பது அந்த முருகனுக்கே வெளிச்சம். கையில் ஒன்பது நாள் இருந்தது.

கணக்கு மிஸ்ஸிடம் மட்டும் சொன்னேன். ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலி. ஆறு வருஷமாக என் டிபன் பாக்ஸில் அவளும் அவள் டிபன் பாக்ஸில் நானும் கை வைத்துச் சாப்பிட்டு வந்தோம்.

"ஐயோ, வாயத் தொறந்துடாத. எதுக்கு கேக்கறன்னு மோப்பம் புடிச்சிடுவாரு. அப்புறம் பரீட்சை முடியட்டும், ரிசல்ட் வரட்டும்னு சொல்லிகினே இருப்பாரு. தரவே மாட்டாரு" என்றாள்.

நானும் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்த அறையைக் கடந்து போவேன். கதவிடுக்கில் பீரோவின் ஒரு பக்கம் தெரியும். என்னை யாரும் கட்டிப் போடவில்லை. நாலரை மணிக்கு வீட்டுக்குப் போனேன், காலையில் நானே நடந்து வந்தேன். அப்படியும் ஜெயில் ஜெயில்தான். அரக்கோணம் போகிற ரயிலின் சத்தம் கேட்டால்கூட எரிச்சல் வந்தது. ஏறுகிறவன் எல்லாம் என்ன சுலபமாக ஏறிப் போகிறான்!

சரிபார்ப்புக்கு மூன்று நாள் இருக்கையில், புதன்கிழமை, பதினோராம் வகுப்பில் கதைக்கோப்பு. எனக்கு என்ன தோன்றியதோ, முக்கோணம் போடவில்லை. ஒரு பயிற்சி கொடுத்தேன். "ஒரு ஜவுளிக்கடையில் ஒரு பெண் வேலை செய்கிறாள். அவளுடைய சர்டிபிகேட்டை முதலாளி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். வேறு ஊரில் வேலை கிடைக்கிறது. சனிக்கிழமைக்குள் சர்டிபிகேட்டோடு போக வேண்டும். முதலாளி தர மாட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மீதிக் கதையை எழுதுங்கள்." சொல்லிவிட்டு, இதிலிருந்து ஏதாவது வழி கிடைக்காதா என்று நானே நோட்டுகளுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

கிடைத்த வழிகளைச் சொல்கிறேன். கிருத்திகைக் கூட்டத்தில் முதலாளியின் அரைஞாணிலிருந்து சாவியை அடிக்கலாம். கடை தீப்பிடித்து எரிய, முருகன் அருளால் சர்டிபிகேட் மட்டும் கருகாமல் கிடக்கலாம். கடைசி பெஞ்சில் பாதி சொல்லிவைத்தாற்போல முதலாளி மகனுக்கு அவள்மேல் காதல் வரவைத்திருந்தது. ஒருவன் நாலே வரியில் அவளைச் சாகடித்துவிட்டான். "ஏண்டா?" என்றால், "பீரியட் முடியப் போவுது மிஸ்" என்கிறான்.

ஆர்.கே.பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் பெண் ஒருத்தி மட்டும் ஒன்றுமே எழுதவில்லை. வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதாலோ என்னவோ, அவளுக்கு மெதுவாகப் பேசவே வராது.

"எழுத இதுல இன்னா மிஸ் கீது? கதையே இல்லியே."

"ஏன் இல்லை? சிக்கல் இருக்கிறதே."

"எங்க கீது? தரமாட்டாருன்னு ஊரே சொல்லுது. இவ கேட்டாளா? கேக்கவே இல்லியே! எங்க நைனாகிட்ட நானு ஒரு சினிமாவுக்குக் கேக்கறதுன்னா மூணு நாளு சுத்திகினு இருப்பேன். ஆனா கேட்டுடுவேன் மிஸ். அவரு முடியாதும்பாரு. அப்பதான சண்டையே ஆரம்பிக்கும்."

வகுப்பே சிரித்தது. "உட்காரடி, பெரிய இவ" என்று எரிந்து விழுந்தேன். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை முதல் மணி அடித்ததும் கரஸ்பாண்டன்ட் அறைக்குப் போய்க் கேட்டேன். கேட்க மொத்தம் அரை நிமிஷம்தான் ஆனது. அவர் கோபப்படவில்லை. "அடடா, சாவி என் பையன்கிட்ட சென்னையில இருக்குதேம்மா. திங்கக்கிழமை வருவான், வாங்கிக்குங்க" என்றார். அங்கே ஒரு கணவன் மனைவி தங்கள் பையனுக்கு டி.சி. வாங்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தால் நிதானம் போய்விடும் என்று வீட்டில் சொல்வார்கள். நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அங்கே மொபெட்டில் சாவிக்கொத்துகளைத் தொங்கவிட்டுக்கொண்டு டூப்ளிகேட் சாவி போடுகிறவர் ஒருவர் உண்டு. "பூட்டு எங்கம்மா?" என்றார். "ஸ்கூல்ல" என்றேன். அவர் மொபெட்டின் பின்சீட்டிலேயே உட்கார்ந்து பள்ளிக்குத் திரும்பினேன். ப்ளஸ் டூ பையன்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள்.

"பையனுக்குச் சிரமம் வேண்டாம் சார். இவர் அஞ்சு நிமிஷத்தில் திறந்துடுவார்" என்றேன். டி.சி. வாங்க வந்தவர்கள் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். சாவிக்காரர் பீரோ முன்னால் குந்தி, பூட்டுத் துவாரத்தில் டார்ச் அடித்தார். கரஸ்பாண்டன்ட்டின் முகத்தில் ஈயாடவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, அடியில் விரித்திருந்த பேப்பரைத் தூக்கினார். "இதுல ஒண்ணு இருந்தது, மறந்தே போய்ட்டேன்" என்று சாவியை எடுத்தார்.

பீரோவுக்குள் பெயர் எழுதிய பழுப்புக் கவர்கள் அடுக்காக இருந்தன. என்னுடையது நடுவில் இருந்ததால் மேலிருந்தவற்றைத் தூக்கி மேசைமேல் வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலே கணக்கு மிஸ்ஸின் கவர். அவளும் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரோடு வாசலில் நின்றிருந்தாள். கவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த நிமிஷத்தில் நான் "அவங்களுடையதையும் குடுத்துடுங்க சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வெளியாட்கள் முன்னால் அவரால் மறுத்திருக்க முடியாது. அது எனக்கு அப்போதே தெரிந்தது. என் கவரை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு அவளைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை சரிபார்ப்பு முடிந்தது. புரட்டாசியில் வேலை ஆணையும் வந்தது. கடைசி நாள் பதினோராம் வகுப்பில் அந்த ஜவுளிக்கடைப் பெண்ணின் கதையை முடித்து வைத்தேன். கேட்டாள், முதலாளி புளுகினார், சாவிக்காரரை அழைத்து வந்தாள், வாங்கிக்கொண்டு போனாள் என்றேன். பையன்கள் விசில் அடித்தார்கள். அவர்களுக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது.

ஆர்.கே.பேட்டைப் பெண் மட்டும் கை தட்டவில்லை.

"ஏன் மிஸ், அந்தக் கடையில இவ ஒருத்திதான் வேல செஞ்சாளா?"

"இல்லை. இன்னும் பல பேர் இருந்தார்கள்."

"அப்ப அவங்க சர்டிபிகேட்டும் அந்த பீரோலதான கீது?"

"ஆமாம்."

"அவங்களுக்குன்னு இவ கேக்கலியா மிஸ்?"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. கேட்கவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் உட்கார்ந்தாள். வகுப்பு அமைதியாகிவிட்டதால், அடுத்த அறையில் கணக்கு மிஸ் பாடம் நடத்துவது நன்றாகக் கேட்டது.