தகரத்துக்குக் கீழை

வெளிநாடு வந்து நாங்கள் குடியேறின ரெய்னர்ஸ் லேனிலை சனிக்கிழமை காலமை எங்கட தாய்மார் பிள்ளையளைத் தமிழ்ப் பள்ளிக்கும் பரதநாட்டியத்துக்கும் இழுத்துக்கொண்டு ஓடுவினம். சிவனேஸ்வரி மட்டும் மகள் தக்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போவா. அந்த ஒன்பது வயசுப் பிள்ளைக்கு வண்டும் தவளையும்தான் உலகம். பார்க்குக்குப் பின்னாலை அந்தப் புல்வெளியிலை மார்கரெட் எண்டொரு வெள்ளைக்கார மனிசி பிள்ளையளுக்கு இயற்கைக் கிளப் நடத்துறா. தக்ஷிகாவைச் சேர்த்துவிட்டது தகப்பன் பத்மநாதன். சேர்த்துப்போட்டு அவர் ஷிப்டுக்குப் போயிடுவார், நெஞ்சிடியோடை நிக்கிறது தாய்.

மருந்துக்கடையிலை நாள் முழுக்க நிண்டு குடிச்சிட்டு வாற எந்த வெறிகாரனையும் சமாளிக்கிற பொம்பிளை அவ. ஆனால் புல்லுக்குள்ளை கால் வைக்கமாட்டா. தார்ப் பாதையின்ர கரையிலை நீளக் குடையை ஊண்டிக்கொண்டு ரெண்டு மணித்தியாலமும் நிப்பா. மழை எங்கை எண்டு மற்றத் தாய்மார் பகிடி பண்ணுவினம், அவவும் சிரிச்சுச் சமாளிப்பா.

அவவுக்குப் பயம் ஒண்டே ஒண்டுதான். அதின்ர பேரை அவ வாயிலை எடுக்கிறதில்லை. தொண்ணூற்றைஞ்சிலை சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து கொட்டிலிலை இருந்த நேரம், அடுப்பெரிக்க ஓலை இழுக்கப் போன தங்கச்சியைப் புடையன், அதான் கண்ணாடி விரியன், கடிச்சது. வாகனம் தேடிப் பிடிக்க முதல் பிள்ளை செத்துப்போச்சு. அவளுக்கும் ஒன்பது வயசு. இரவிலை அந்தப் பேரைச் சொன்னால் அது வந்திடும் எண்டு ஊரிலை எல்லாரும் சொல்லுறதுதானே. இவ பகலிலையும் சொல்லுறதை விட்டிட்டா. தனக்கொரு சித்தி இருந்தது தக்ஷிகாவுக்குத் தெரியாது. விசர் வேலையைப் பாருங்கோ, கிளப்பிலை சேர்க்கேக்கை இந்தப் புல்லுக்குள்ளை அது இருக்கோ எண்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேக்கிறதெண்டால் பேரைச் சொல்லவேணுமே. அதனாலை கேக்கேல்லை.

மே மாசத்துச் சனிக்கிழமை ஒண்டிலை, உதவிக்கு வாற ஒருத்தருக்குக் காய்ச்சல். பெரியாக்கள் ஒராள் குறைஞ்சால் பிள்ளையளைப் புல்லுக்குள்ளை விடேலாது, அது கிளப்பின்ர சட்டம். மார்கரெட் வந்து சிவனேஸ்வரியைக் கேட்டா. மகளின்ர முகத்தைப் பார்த்திட்டு ஏலாதெண்டு சொல்ல வாய் வரேல்லை. குடையாலை முன்னுக்குத் தட்டித் தட்டி, அடிக்கொரு தரம் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு போனா.

புல்லுக்கு நடுவிலை நாலு தகரம் போட்டிருந்தது. வெயிலுக்குத் தகரம் சூடேற, குளிருக்குப் பயந்த சீவன்கள் அதுக்குக் கீழை வந்து படுக்கும், பிள்ளையள் அதுகளை எண்ணி எழுதவேணும். மார்கரெட் இதைச் சொல்லிக்கொண்டிருக்கேக்கையே சிவனேஸ்வரி மகளைப் பிடிக்கக் கையை நீட்டினா. வேண்டாம் எண்டு சொல்ல முதல் தக்ஷிகா மூலையிலை பிடிச்சுத் தகரத்தைத் தூக்கிப்போட்டாள்.

ரெண்டு சாண் நீளத்திலை, செப்புக் கம்பி மாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்தது. தக்ஷிகா நீளம் அளக்க அடிமட்டத்தை அதுக்குப் பக்கத்திலை வைக்கக் குனிஞ்சாள்.

பிறகு நடந்தது சிவனேஸ்வரிக்கே வடிவாய் ஞாபகமில்லை. குடை மேலை போச்சு, கீழை வந்தது. முதல் அடி மகளின்ர விரலுக்கு ரெண்டு அங்குலம் தள்ளி விழுந்தது. வால் அறுந்து தனியத் துள்ளிச்சு. ஐயோ, அந்த வாலைத்தான் அவ திரும்பத் திரும்ப அடிச்சா, உடம்பு வழுக்கிக்கொண்டு புல்லுக்குள்ளை போனதைக்கூடக் காணேல்லை. குடைக்கம்பி முறிஞ்ச பிறகுதான் கை நிண்டுது. நிமிர்ந்து பார்த்தால், மகள் மார்கரெட்டின்ர கோட்டைப் பிடிச்சுக்கொண்டு அவவுக்குப் பின்னாலை ஒளிஞ்சு நிக்கிறாள்.

மார்கரெட் சத்தம் போடேல்லை. அது காலில்லாத பல்லி வகை, விஷமில்லை, அதைக் கொல்லுறது சட்டப்படி குற்றம் எண்டு மெல்லமாய்ச் சொன்னா. வால் போனாலும் சிலநேரம் தப்பும், அடுத்த கிழமை பார்ப்பம் எண்டும் சொன்னா. குற்றம் எண்ட சொல்லுக்குச் சிவனேஸ்வரி பயந்தா. ஆனால் அதைவிட மகளின்ர கண்ணுக்குத்தான் பயந்தா. வீடு வரைக்கும் அவள் கை தரேல்லை, நாலடி தள்ளியே நடந்தாள்.

வீட்டுக் குசினி வாசலிலை நிண்டுதான் வாய் திறந்தாள்.

"அம்மா, என்னையும் அப்பிடி அடிப்பியளோ?"

சிவனேஸ்வரி அப்பிடியே நிலத்திலை இருந்திட்டா. இவ்வளவு காலமும் பூட்டி வைச்சதுக்குக் கிடைச்ச கூலி இதுதான் எண்டு விளங்கிச்சு.

"எனக்கொரு தங்கச்சி இருந்தவள், உன்ர வயசு," எண்டா. "பாம்பு கடிச்சது. நான் பக்கத்திலைதான் நிண்டனான்."

சொன்ன கையோடை வாசலைப் பார்த்தா, ஏதும் ஊர்ந்து வருதோ எண்டு. ஒண்டும் வரேல்லை. தக்ஷிகாவும் கிட்ட வரேல்லை. அடுத்த சனி குடை கொண்டுவரக்கூடாது எண்டு சொன்னாள். அது செத்துப்போயிருந்தால் இனிக் கிளப்புக்குப் போகமாட்டன், அம்மாவோடை எங்கையும் போகமாட்டன் எண்டும் சொன்னாள்.

அந்தக் கிழமை முழுக்கச் சிவனேஸ்வரிக்குச் சோறு இறங்கேல்லை. சனிக்கிழமை வெறுங்கையோடை புல்லுக்குள்ளை போனா. முதல் மூண்டு தகரத்துக்குக் கீழையும் எறும்புதான். நாலாவதின்ர மூலையிலை தக்ஷிகா கை வைச்சாள். முப்பது வருசமாய் எது கண்ணிலை படக்கூடாதெண்டு கும்பிட்டாவோ, அது இருக்கவேணும் எண்டு சிவனேஸ்வரி இப்ப கும்பிட்டா. முருகா, அந்தப் பாம்பு இருக்கவேணும், உயிரோடை இருக்கவேணும் எண்டு வாய்விட்டே சொன்னா.

இருந்தது. வால் மொட்டையாய், சின்னத் தலையைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. சிவனேஸ்வரிக்குப் பயம் ஒரு துளியும் குறையேல்லை. தக்ஷிகா அதைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னுக்குக் கையை நீட்டினாள். சிவனேஸ்வரி புல்லுக்குள்ளை இன்னும் ரெண்டடி முன்னுக்கு வைச்சுப் போய் அந்தக் கையைப் பிடிச்சா.