குடங்கள் ஓடிய பாட்டு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பங்குனி வெயிலில், ஆந்திர எல்லைக்குள் நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஏரியில் நடந்தது இது. ஏரி என்று பெயர்தான். அந்த வருஷம் அதில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் டிரில் மாஸ்டர். டிரில் மாஸ்டருக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். மற்ற வாத்தியார்கள் லீவு போட்டால் அந்த வகுப்பை மேய்க்க ஒரு ஆள், அவ்வளவுதான்.

என் மனைவியின் தம்பி ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறான். ஓய்வு கிடைத்தால் பாட்டு கட்டுவான். பாதி தமிழ், பாதி தெலுங்கில் ஒரு காதல் பாட்டு பாடி நெட்டில் போட்டிருந்தான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் கேட்டவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும்தான். இதுவரை யாரும் பார்க்காத மாதிரி ஒரு வீடியோ எடுத்தால்தான் பாட்டு பிழைக்கும் என்று ஒரு யோசனையோடு என்னிடம் வந்தான்.

யோசனை இதுதான். அறுபது பெண்கள் தலையில் காலி பிளாஸ்டிக் குடத்தை வைத்துக்கொண்டு ஏரிக்குள் நிற்க வேண்டும். மேலே டிரோன் பறக்கும். அங்கிருந்து பார்த்தால் ஆள் தெரியாது, கலர் கலராகக் குடம் மட்டும்தான் தெரியும். பாட்டு ஓட ஓட, குடங்கள் நகர்ந்து பூவாகும், நட்சத்திரமாகும், கடைசியில் மயிலாகும். நடுவில் வெட்டே கிடையாது, ஒரே ஷாட். "குடியரசு தினத்துக்குப் பசங்கள நிக்க வைக்கிறியே மாமா, அதே மாதிரிதான்" என்றான். பத்து நாள் சாயந்திரம் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பயிற்சி கொடுத்தேன். ஊர்ப் பெண்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பயிற்சிக்கு வீட்டில் கிடந்த தகர டப்பா, பக்கெட், சாணிக் கூடை என்று எதையாவது தலையில் வைத்துச் சமாளித்தோம்.

இங்கே எங்கள் ஊர் தண்ணீர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். கோடையில் குடிக்கிற தண்ணீர் டேங்கர் லாரியில்தான் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பார்கள், எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. அதனால் ஏரிக்கரையில் லாரி நிற்கிற இடத்தில் குடங்கள் எப்போதும் வரிசையாகக் கிடக்கும். குடத்துக்காரி களை எடுக்கப் போயிருப்பாள், அவளுக்குப் பதிலாகக் குடம் நிற்கும். குடம் எங்கே நிற்கிறதோ அதுதான் அவள் முறை. அடுத்தவள் குடத்தை ஒரு ஜாண் தள்ளி வைத்தாலும் அன்றைக்கு ஊரில் யுத்தம்தான்.

ஷூட்டிங் அன்று காலையில் அந்த வரிசையைத்தான் நான் கலைத்தேன். கலர் குடம் எல்லாம் அங்கேதானே இருந்தது! எடுத்துக்கொண்டு ஏரிக்கு வாருங்கள் என்றேன். மயிலின் கழுத்தில் நிற்க வேண்டிய ஒரு அம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கூலி வேலைக்குப் போகிறவர், வீட்டில் படுக்கையில் கிடக்கிற மாமனாரையும் பார்த்துக்கொள்கிறவர்.

"இன்னா சாரு, வரிசையக் கலைச்சிட்டா, வண்டி வந்தா இன்னா பண்றது?"

இன்றைக்கு வண்டி இல்லை, டிரைவரிடம் கேட்டுவிட்டேன் என்றேன். கேட்டது உண்மைதான். அந்த அம்மாவும் அரைமனதாக வந்தார்.

பூ வந்தது, நட்சத்திரம் வந்தது. பாட்டு முடிய அரை நிமிஷம் இருக்கும்போது மயில் தோகை விரித்து நின்றது. என் மச்சான் போனில் பார்த்துக் கண் கலங்கிவிட்டான். அப்போது கேட்டது டேங்கர் ஹாரன். பக்கத்து ஊரில் ரோடு வெட்டியிருந்ததால் வண்டியை இங்கே திருப்பிவிட்டார்களாம்.

நான் விசில் ஊதினேன். யார் கேட்பார்கள்? அறுபது குடமும் ஓடின. கரைப் பக்கமாகத் தோகை நுனியில் நின்றவர்கள் முதலில் போய்ச் சேர்ந்தார்கள். கழுத்தில் நின்ற அந்த அம்மா கடைசியில் போனார். வேறு ஊரில் ஊற்றியது போக மிச்சத்தோடு வந்த வண்டி, அவர் முறை வருவதற்குள் டேங்கர் காலி. காலிக் குடத்தோடு என் எதிரிலேயே வீட்டுக்குப் போனார். நானோ ஏரிக்குள் நின்றுகொண்டு, ஒழுங்கில்லாத ஜனங்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மறுபடி எடுக்க யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்து, மச்சான் எடுத்ததை அப்படியே நெட்டில் போட்டான். அது பிய்த்துக்கொண்டு ஓடியது. எல்லோரும் பேசியது அந்தக் கடைசி அரை நிமிஷத்தைப் பற்றித்தான். மயில் அப்படியே அவிழ்ந்து, நிறங்கள் எல்லாம் ஒரு பக்கமாகப் பாய்ந்து, ஒரே கோடாக நின்றுவிடுகிறது. கரை மரத்தடியில் நின்ற லாரி படத்தில் விழவே இல்லை. என்ன கற்பனை, என்ன பயிற்சி என்று எங்கெங்கிருந்தோ எழுதினார்கள்.

திருப்பதியிலிருந்து ஒரு யூடியூப் சேனல்காரர்கள் மைக்கோடு என் பள்ளிக்கே வந்தார்கள். தலைமையாசிரியர் சால்வை போர்த்தினார். சர்வீசில் எனக்கு முதல் சால்வை அது. அந்த ஓட்டத்தை எப்படிப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். மூன்று வாரம் பயிற்சி, ஒவ்வொரு அடியும் என் விசிலுக்கு என்று வாய் கூசாமல் சொன்னேன். சக ஆசிரியர்கள் கை தட்டினார்கள். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். ஊர்ப் பெண்கள் சேர்ந்து, எங்கள் பக்கத்துத் தாலுகா ஆபீஸான மண்டல் ஆபீசில் மனு கொடுக்கப் போயிருக்கிறார்கள். ஊருக்கு ஒரு போர்வெல் போட்டுக் குழாய் வையுங்கள், தண்ணீருக்கு நாங்கள் படுகிற பாட்டைப் பாருங்கள் என்று போனில் அந்த வீடியோவையே காட்டியிருக்கிறார்கள். அங்கிருந்த அதிகாரி சிரித்துவிட்டு, இது டான்ஸ்தானே அம்மா என்று என் பேட்டியைப் போட்டுக் காட்டி அனுப்பிவிட்டார்.

இதைச் சொன்ன அந்த அம்மா சத்தம்கூடப் போடவில்லை.

"ஏன் சாரு, தண்ணிக்கு ஓடறதுக்குக்கூட எங்களுக்கு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா? அன்னிக்கு எங்க மாமனாருக்கு வாய நனைக்க தண்ணி இல்லாம ஊடு ஊடா சொம்ப எடுத்துக்கினு அலைஞ்சேனே, அதுவும் உங்க டிரில்லா?"

பின்னால் வகுப்பறை ஜன்னலில் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மனு வாங்குகிற நாளில் லீவு போட்டுவிட்டு அவர்களோடு போனேன். அதிகாரி என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து கை கொடுத்தார். அந்த ஓட்டம் நான் சொல்லிக்கொடுத்தது இல்லை சார், பேட்டியில் சொன்னது பொய் என்றேன். அறையில் இருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டார். தெலுங்கில் எழுதி, பேரும் உத்தியோகமும் போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

போர்வெல் வந்தது. என் கடிதத்தால் வந்ததா, பெண்கள் விடாமல் நடந்ததால் வந்ததா என்று கேட்டால், பெண்கள் நடந்ததால்தான். ஆனால் அதற்குள் கோடை முடிந்துவிட்டது. "இத்த மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு மாசம் முன்னாடி தண்ணி குடிச்சிருப்போம்" என்றார் அந்த அம்மா.

பேட்டியை எடுத்துவிடச் சொல்லி அந்தச் சேனலுக்கு எத்தனையோ முறை எழுதிவிட்டேன், எடுக்கவில்லை. தாகத்தில் ஓடிய அறுபது பெண்களின் ஓட்டத்தை என் திறமை என்று சொல்லிச் சிரிக்கிற என் முகம் இன்னும் அங்கே இருக்கிறது. அதை யாராவது பாராட்டும்போதெல்லாம், கடைசியாய் வந்து காலிக் குடத்தோடு திரும்பியவரைப் பற்றி அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன்.