மூன்று திரைகளும் முசொண்டாவும்

கிட்வே பேருந்து நிலையத்தில் லுசாகா வண்டிக்கு டிக்கெட் கொடுக்கும் முசொண்டா கலூபாவோடு அந்த ஜன்னலில் வாதாடி ஜெயித்த பயணி கிடையாது. "முன் சீட்டு வேணும்னா முன்னாடியே வந்திருக்கணும், மாமா" என்று சிரித்துக்கொண்டே பின் சீட்டைக் கையில் கொடுப்பாள். வாங்கியவரும் சிரித்துக்கொண்டேதான் போவார். அவளை இன்று புதைத்துவிட்டு வந்திருக்கிறோம். அவள் எங்கள் சபைக்குச் செய்ததை யாராவது எழுதிவைக்க வேண்டும். நான் எழுதுகிறேன்.

அவள் பெம்பா, நான் ங்கோனி. எங்கள் இரண்டு இனத்துக்கும் கேலி முறை. அவள் என்னை எலி தின்னி என்பாள். நான் அவளைக் குரங்கு தின்னி என்பேன். ஒருவர் சாவில்கூட மற்றவர் கேலி செய்தாக வேண்டும். வாயை மூடிக்கொண்டு நின்றால்தான் மரியாதைக் குறைவு.

பெரிய நாட்களில் எங்கள் கோயிலில் இடம் போதாது. கோயிலுக்குள் உள்ள திரை போக, பின்னால் உள்ள கூடத்தில் ஒரு திரை வைப்போம், வெளியே கூடாரம் போட்டு அங்கேயும் ஒரு திரை வைப்போம். பாடகர் குழு கோயிலுக்குள் பாடும். ஒலிபெருக்கி அதை மற்ற இரண்டு இடங்களுக்கும் கொண்டுபோகும். வரிகளை அந்தந்த இடத்துக் கணினி காட்டும். கணினிக்கு ஓர் ஆள். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்தபடி பாட்டைத் தட்டிவைத்திருந்தோம். ஒருவரிடம் இருக்கும் சரணம் இன்னொருவரிடம் இருக்காது. ஓர் அறுப்பின் பண்டிகையில் கோயில் ஒரு சரணத்தைப் பாட, கூடாரத்துத் திரை அடுத்ததைக் காட்டியது. கூடாரத்து ஜனங்கள் பாட்டை நிறுத்திவிட்டு விழித்தார்கள். உள்ளேயிருந்து யாரோ சிரித்தது ஒலிபெருக்கியில் கேட்டது.

கூடாரத்தில் உட்காருகிறவர்கள் ஊரின் ஓரத்துக் குடியிருப்பிலிருந்து நடந்து வருகிறவர்கள். தூரத்தினால் கடைசியில் வந்து சேர்வார்கள், வெளியே இடம் கிடைக்கும். இந்தக் குழப்பம் இனி வேண்டாமென்று மூப்பர்கள் கூடிப் பேசி, அவர்களுக்கு இனி மத்தியானத்தில் தனி ஆராதனை என்றார்கள். முசொண்டாவின் அம்மா உட்காருவதும் அந்தக் கூடாரத்தில்தான்.

முசொண்டா எழுந்து நின்றாள். "ஈஸ்டர் வரைக்கும் என்கிட்ட விடுங்க. மூணு திரையும் ஒரே வாயாப் பாடலைன்னா நீங்க சொன்னபடி பிரிச்சிடுங்க."

பாடகர் குழுத் தலைவர் கப்பாசா ஐயா மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "இது பஸ் இல்லம்மா, டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுத்தா ஓடுறதுக்கு."

"பஸ்ஸுன்னா டிரைவர் ஒருத்தர்தான், ஐயா. இங்க ஆளுக்கொரு ஸ்டியரிங்."

போதகர் அறையில் இருந்தபடி கோயில் திரைக்கு வரிகளை அனுப்பும் பழைய கணினிக்கு அவள் 'அம்மா' என்று பெயர் வைத்தாள். மற்ற இரண்டும் பிள்ளைகள். திருத்தம் எதுவானாலும் அம்மாவிடம்தான். இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு, தேதி புதிதாக உள்ளதை எல்லாவற்றிலும் வைக்கும் ஒரு செயலியை யாரோ கொடுத்தார்கள். கழுத்தில், பெண்கள் இடுப்பில் சுற்றும் சிட்டெங்கேத் துணியில் கிழித்த கயிற்றில் பென் டிரைவைக் கட்டிக்கொண்டு, வேலை முடிந்து வந்து ஒவ்வொரு பாட்டாகத் திருத்தினாள். கூடத்துக் கணினி என் பொறுப்பு என்பதால் நானும் கூட இருப்பேன்.

குருத்தோலை ஞாயிறு கழிந்து, எல்லாம் திருத்தி முடித்து, அந்தச் செயலியை முதல்முறையாக ஓட்டி மூன்றையும் ஒப்பிட்டாள். பிறகு ஒரு பாட்டைத் திறந்தாள். திருத்தியது எதுவும் இல்லை. கூடாரத்துக் கணினியில் இருந்த பழைய தப்பு அப்படியே அம்மாவில் இருந்தது. என் கணினியிலும் இருந்தது.

கப்பாசா ஐயாவுக்குக் குஷி. "நீ சொன்ன மாதிரியே மூணும் ஒண்ணா ஆயிடுச்சே!"

"ஆமாய்யா. ஒண்ணாத் தப்பா ஆயிடுச்சு."

நான் விடுவேனா? "குரங்குக்கு மரம் ஏறத்தான் தெரியும், கம்ப்யூட்டரைத் தொட்டா இப்படித்தான்."

"எலி ஒயரைக் கடிச்சிருக்கும். வாயைத் திற, பார்ப்போம்" என்றாள். சிரிக்கவில்லை. திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே காட்டிய ஆண்டு எங்கள் கோயிலுக்குக் கூரை போடுவதற்கும் முந்தையது.

கரண்ட் போய்த்தான் வந்திருந்தது. அது அன்றாடம் நடப்பது. அந்தப் பழைய கணினிக்குள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கும் சின்ன பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. கரண்ட் வரும்போதெல்லாம் அது ஏதோ ஒரு பழைய வருஷத்தில் கண்விழிக்கும். அவள் திருத்திய பாட்டுகளுக்கெல்லாம் அந்தப் பழைய தேதியே விழுந்தது. கூடாரத்துத் தப்புகள் புதியவையாகத் தெரிந்தன. செயலி தன் வேலையை ஒழுங்காகச் செய்து, சரியானவற்றை அழித்துவிட்டது.

"தேதியைப் பார்த்து எது சரின்னு முடிவு பண்ணினேன் பாரு, அதான் தப்பு" என்றாள். "இனிமே அம்மா கொடுக்கும், பிள்ளை வாங்கிக்கும். எது புதுசு எது பழசுன்னு யாரும் கேக்கக் கூடாது." செயலியை அங்கேயே நீக்கினாள். அம்மாவிலிருந்து எடுத்து, பிள்ளைகளில் இருப்பதை அழித்துவிட்டுப் போடுவது. எதிர்த்திசையில் எதுவும் வராது.

ஆனால் திருத்திய பாட்டுகள் போனது போனதுதான், பென் டிரைவிலும் பழையதே ஏறியிருந்தது. புத்தகங்களைத் தேட நேரமில்லை. அவள் நேராகக் குடியிருப்புக்குப் போய், கூடாரத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள், தன் அம்மா உட்பட. திரை என்ற ஒன்று வருவதற்கு முன்பே எல்லாச் சரணங்களையும் மனப்பாடமாகப் பாடியவர்கள் அவர்கள். போதகர் அறையில் தரையில் உட்கார்ந்து, வேர்க்கடலை உரித்துக்கொண்டே பாடினார்கள். அவள் தட்டினாள்.

"மெதுவாப் பாடும்மா, கை ரெண்டுதான் இருக்கு."

"நீ வேகமாத் தட்டுடி. பஸ் டிக்கெட்டுன்னா பறக்குறியே!"

கப்பாசா ஐயா வாசலில் நின்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவரும் உள்ளே வந்து, தனக்கே மறந்துபோன ஒரு சரணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஈஸ்டர் காலையில் மூன்று திரைகளும் ஒன்றாக நகர்ந்தன. கூடாரத்திலிருந்து வந்த சத்தம் கோயிலுக்குள் இருந்த சத்தத்தை விழுங்கிவிட்டது. தனி ஆராதனை என்ற பேச்சு அப்புறம் எழவில்லை. நான் வாழ்த்தியபோது முசொண்டா ஒப்புக்கொள்ளவில்லை. "நான் இங்க நிக்கும்போது நடந்தா என்ன பெரிசு? நான் இல்லாத ஒரு நாள் நடக்கணும், எலி தின்னி. அப்பதான் என் அம்மாவை யாரும் பிரிச்சு உக்கார வைக்கமாட்டாங்கன்னு நம்புவேன்."

அந்த நாள் இன்று வந்தது. முந்தாநாள் டிக்கெட் ஜன்னலிலேயே தலை சாய்ந்து போய்விட்டாள். பேருந்து நிலையமே திரண்டு வந்ததால் கூடாரம் போட வேண்டியிருந்தது.

ஆராதனைக்கு முன் கப்பாசா ஐயா அவளுக்காக ஒரு புதுச் சரணம் கட்டியிருந்தார். கூடாரத்துக் கணினி எதிரிலேயே திறந்திருந்தது. உட்கார்ந்து விசைமேல் கையும் வைத்துவிட்டார். அப்புறம் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, போதகர் அறைக்கு என்னைத் தேடி வந்தார்.

"அம்மாவைத் திறடா, ஜேரே. அங்க தட்டியிருந்தா அவ பெட்டியை விட்டு எழுந்து வந்து திட்டுவா."

அவர் பாடினார், நான் தட்டினேன். காலையில் கரண்ட் போய் வந்திருந்தது. திரையின் மூலையில் அதே பழைய ஆண்டு. அந்த ஆண்டில் அவள் இருந்தாள். அதைத் திருத்த எனக்குக் கை வரவில்லை. திருத்தவும் தேவையில்லை, அவள் முறைக்குத் தேதி வேண்டாம். பென் டிரைவில் எடுத்துக் கூடத்துக்கும் கூடாரத்துக்கும் கொண்டுபோய்ப் போட்டேன்.

சவப்பெட்டி வாசலுக்கு வந்தபோது என் கேலி முறையைச் செய்தேன். குறுக்கே படுத்துக்கொண்டேன். "டிக்கெட் எங்கடி, குரங்கு தின்னி? டிக்கெட் இல்லாம ஒரு ஆளையாவது ஏத்தியிருப்பியா நீ? ஏன், ஜன்னலோர சீட்டு கிடைச்சிடுச்சா?" பேருந்து நிலையத்துக்காரர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். அவள் அம்மா வந்து என் காதைத் திருகி எழுப்பினாள்.

பாட்டு தொடங்கியது. வெளியே நிற்பவரே, உமக்கும் இடம் உண்டு, உள்ளே வாரும் என்ற கப்பாசா ஐயாவின் சரணம் வரும் நேரத்தில் நான் கூடத்து வாசலில் நின்றேன். அங்கிருந்து மூன்று திரைகளும் தெரியும். மூன்றிலும் அது ஒன்றாக வந்தது. கூடாரத்தில் முதல் வரிசையில் அவள் அம்மா எழுந்து நின்று, எல்லோருக்கும் முன்னதாகப் பாடத் தொடங்கினாள்.