ரசத்தில் குறை, செயலியில் குறை

புனேயில் கேம்ப் பகுதியில் எங்கள் வீட்டு மாடி அறையில், தான்சானியாவிலிருந்து படிக்க வந்த பையன் ஒருவன் குடியிருந்தான். கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருடம். ராத்திரிச் சாப்பாடு எங்களோடுதான். நான் பரிமாறிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். "ரொம்ப நல்லா இருக்கு ஆண்ட்டி" என்று அவன் அடுப்படியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வான். பேச்செல்லாம் இந்தியில்தான், அவனுக்கும் எங்களுக்கும் அது பழகிக்கொண்ட மொழி.

அந்த வருடம் ஒரு கம்பெனி அவனை வேலைக்கு எடுக்கலாமா என்று பார்த்தது. மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்த அவன் ஒரு செயலி செய்திருந்தான். அதைக் கம்ப்யூட்டர் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று கண்டுபிடித்து, சரிசெய்து திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வேலை கிடைக்காவிட்டால் படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அவனுக்கு அகப்பட்ட ஆள் நான். என் வீட்டுக்காரரின் சர்க்கரை மாத்திரைகளை என் போனில் ஏற்றிக் கொடுத்தான்.

தினமும் கேட்பான். தினமும் "நல்லா இருக்குப்பா" என்பேன். பிள்ளை கஷ்டப்பட்டுச் செய்ததில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தொடவேயில்லை.

"குறையே இல்லேன்னு போய் நின்னா என்னை யார் ஆண்ட்டி எடுப்பாங்க? ஏதாவது திட்டுங்களேன்."

"நல்லாத்தானே இருக்கு" என்றேன், கதவுக்குப் பின்னாலிருந்து.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, அவன் பொழப்பே இதுலதான் இருக்கு. என்னத் திட்டுததுல பாதி அதத் திட்டேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு, இந்தியில் அவனிடம் திரும்பினார். "மொதல்ல நீ அவ சமையல்ல ஒரு குறை சொல்லு. அப்பத்தான் அவ வாயத் தொறப்பா."

பையன் முழித்தான். "ரசம்..." என்று இழுத்தான். "ரசம் ரொம்பக் காரம் ஆண்ட்டி. மாடிக்குப் போனதும் பாட்டில் பாட்டிலா தண்ணி குடிப்பேன்."

"எப்பலேர்ந்து?"

"வந்த நாள்லேர்ந்து."

எனக்கு வந்ததே கோபம்! அடுப்படியை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

"அத அன்னைக்கே சொல்ல மாட்டியா? உன் ஆப் மட்டும் ஒழுங்கா? 'சாப்பிட்டாச்சு'ன்னு பட்டன அமுக்கினா சத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அமுங்கிச்சா இல்லையான்னு தெரியாம திரும்பத் திரும்ப அமுக்குறேன். பாத்தா ஒரே வேளைக்கு ஏழெட்டு மாத்திரை தின்னதா காட்டுது. நான்தான் கெடுத்துட்டேன்னு போனை அரிசி டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கேன்!"

"அந்தக் கணக்குப்படி நான் எப்பவோ கல்லறைக்குப் போயிருக்கணும்லா" என்றார் வீட்டுக்காரர்.

பையன் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தான். "இதுதான் ஆண்ட்டி! இதுதான் வேணும்!" அரிசி டப்பாவை நோக்கி ஓடினான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் வேலை நடந்தது. பட்டனை அமுக்கினால் பச்சையாக மாறி ஒரு மணி அடித்தது. எழுத்து சின்னது என்றேன், பெரிதாக்கினான். தெரியாமல் அமுக்கினால் எப்படி அழிப்பது என்றேன், அதற்கும் வழி செய்தான். நான் குறை சொல்லச் சொல்ல அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். எனக்கும் ருசி கண்டுவிட்டது.

வேலை கிடைத்துவிட்டது என்று அவன் வந்து சொன்ன அன்று பாயசம் வைத்தேன். ஊற்றிக் கொடுத்துவிட்டு மேசைப் பக்கத்திலேயே நின்றேன்.

"எப்படி இருக்கு?"

நிதானமாகக் குடித்துப் பார்த்தான். "ஏலக்காய் கொஞ்சம் ஜாஸ்தி ஆண்ட்டி."

இன்னொரு கரண்டி ஊற்றினேன்.