பொம்மையின் நெஞ்சில் ஒரு பதிகம்

தங்கச்சிமடத்துப் பள்ளியொன்றில் செவிலியர் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆனால் மருத்துவமனையிலிருந்து ஓய்வுபெற்ற பின் என் செவிலியர் பதிவை நான் புதுப்பிக்கவில்லை, அது காலாவதியாகியிருந்தது. கணவர் மறைந்தபின் காலைப் பூசை முடிந்தால் மாலை விளக்கேற்றும்வரை என் கைகளுக்கு வேலையில்லை. அந்தப் பள்ளி வேலையை நான் மிகவும் விரும்பினேன். பதிவைப் புதுப்பிக்க இராமநாதபுரத்தில் பயிற்சி வகுப்புக்குச் சென்று செய்முறைத் தேர்விலும் தேறவேண்டியிருந்தது.

வலிப்பு, மூச்சிரைப்பு, ஜெல்லி மீன் பட்ட எரிச்சல் ஆகிய பாடங்கள் எனக்குக் கடினமாக இல்லை. மூச்சு நின்ற குழந்தையின் நெஞ்சை அழுத்தி உயிரூட்டும் தேர்வில்தான் தடுமாறினேன். தரையில் ஒரு ரப்பர் பொம்மை கிடந்தது. சரியான வேகத்தில் அழுத்தினால் அதன் தோளருகே பச்சை விளக்கு எரியும்.

எந்த நோயாளியைத் தொடுமுன்னும் ஒரு பதிகத்தின் முதற்பாட்டை மனத்துக்குள் சொல்வது என் வழக்கம். பிரசவ அறையிலும் அது தவறியதில்லை. அன்றும் பொம்மையின்முன் கண்மூடினேன்.

"அம்மா, என்ன செய்றீங்க? பிள்ளைக்கு மூச்சில்ல. கண்ணத் தொறங்க!" என்றார் பயிற்றுநர். என் மகள் வயதுப் பெண்.

பாட்டைக் கைவிடவும் மனமில்லை. சீருக்கு ஒருமுறை அழுத்துவது என்று எண்ணி, முணுமுணுத்தபடியே தொடங்கினேன். கோயிலில் ஓதுவார் பாட நான் கேட்டுப் பழகிய பண் அது. நின்று, நீண்டு நடப்பது. விளக்கு எரியவில்லை.

அருகில் முழந்தாளிட்டிருந்தவர் கீழக்கரை முஸ்லிம் பெண். வளைகுடாவில் செவிலியராக இருந்து திரும்பியவர். குனிந்து கேட்டார்.

"ஏக்கா, ஒங்க சாமி தேர்ல வாராரோ? கொஞ்சம் எறங்கி ஓடியாரச் சொல்லுங்க."

"சும்மா இரும்மா, எண்ணிக்கை தப்புது."

"எண்ணுனாத்தானக்கா தப்பும்! நீங்க பாடிக்கிட்டுல்ல இருக்கீக."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பயிற்றுநர் மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒரு தடவை பார்ப்போம்மா. அதுலயும் தேறலன்னா அடுத்த வகுப்புக்குத்தான் வரணும்." அதுவரை பள்ளி எனக்காகக் காத்திராது.

பாம்பன் பாலத்தின்மேல் பேருந்தில் திரும்புகையில் சிரிப்பு அடங்கியிருந்தது. காய்ச்சல்காரருக்கு என் பாட்டு ஓர் இடையூறாக இருந்ததில்லை. மூச்சு நின்ற பிள்ளைக்கோ அந்தச் சில நொடிகளே உயிர். அவற்றை என் மன அமைதிக்காக எடுத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? இறைவனை உயிருக்குள் உயிர் என்று நாள்தோறும் துதிக்கிறேன். அவன் துடிப்படங்கிக் கிடக்கும் இடத்தில் நான் கண்மூடி வேறு எங்கே அவனைத் தேடுகிறேன்?

வீட்டில் தலையணையை அழுத்தியபடி பாட்டை விரைவாகச் சொல்லிப் பார்த்தேன். சொற்கள் நொறுங்கின. அது பாட்டுக்கும் மரியாதையாக இல்லை.

மறுநாள் கண்ணைத் திறந்தபடியே கைகளைப் பொம்மையின் நெஞ்சில் வைத்தேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று உரக்க எண்ணினேன். நாவில் வேறொன்றும் இல்லாதது முதலில் அச்சமாக இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது, அணையாமல் நின்றது.

"ஓடியாந்துட்டாருக்கா!" என்றார் கீழக்கரைப் பெண்.

பதிவு புதுப்பிக்கப்பட்டது. இப்போது பள்ளி மணி அடிக்குமுன் சிகிச்சை அறையைத் திறந்து பதிகம் முழுவதையும் பண்ணோடு ஓதிவிடுகிறேன். பிறகு எந்தப் பிள்ளை வாசலில் வந்து நின்றாலும், நான் பாடுவதில்லை, உடனே எழுந்து அந்தப் பிள்ளையிடம் போய்விடுகிறேன்.