கிணற்றில் விழுந்த யானைக்குட்டி

கல்முனையிலிருந்து மலையடிவாரக் காட்டுப் பூங்காவுக்குப் போகும் வழியில், நாவிதன்வெளிக்கு அப்பால் எங்கள் வேன் நிற்கிறது. வீதியோர வயல் கிணற்றுக்குள் முந்திய இரவு யானைக்குட்டி ஒன்று விழுந்து கிடக்கிறது. தாய் யானை தூரத்துப் பற்றையோரம் நின்று பிளிறுகிறது.

வனஜீவராசி அதிகாரி, வயல்காரர் ஜவ்பர் காக்காவிடம் தயங்கியபடி கேட்கிறார். கிணற்றின் ஒரு பக்கத்தை வெட்டிச் சரிவாக்க வேண்டும். மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வருவதற்கு வயலுக்குள்ளால்தான் வழி. அறுவடைக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருக்கிறது.

“வெட்டுங்க,” என்கிறார் காக்கா.

பெக்கோ விளைந்த கதிர்களை நசுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்கிறார்.

“போன போகமும் யானைதான் உங்கள் வயலை அழித்ததாமே?” என்று கேட்கிறேன்.

“ஓம். இதுட உம்மாவாத்தான் இரிக்கும்.”

“பிறகு ஏன் காக்கா?”

“அது உம்மாவோட கதைக்கிற கதை. புள்ளையோட என்ன கோவம்?”

மதியத்துக்கு முன் குட்டி சரிவில் ஏறி, சேறு வடிய வரப்பு வழியே தாயிடம் ஓடுகிறது. தாய் அதைத் தும்பிக்கையால் தடவிப் பார்க்கிறது. பிறகு வயலோரம் இறங்கி, கதிர்களைக் கொத்தாகப் பிடுங்கி வாயில் வைக்கிறது.

அதிகாரி சங்கடத்தோடு காக்காவைப் பார்க்கிறார்.

“ராவெல்லாம் ஒண்டும் திண்டிரிக்காது,” என்கிறார் காக்கா.