சகலையின் முதுகு

எங்கள் வீட்டில் கனமான பொருள் எதுவும் என்னை நம்பி வாங்கப்பட்டதில்லை. பீரோ, கிரைண்டர், வாஷிங் மெஷின் என்று எது படியேறி வரவேண்டியிருந்தாலும் என் மனைவி முதலில் போனை எடுப்பாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய அக்காவின் கணவர், அதாவது என் சகலை, லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்து நிற்பார். திருவொற்றியூரில் இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு வெல்டிங் செய்கிறார். என்னைவிட ஒரு வயது மூத்தவர். பின்னாலிருந்து பார்த்தால் என் தம்பி மாதிரி இருப்பார். நான் அவரைப் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அவர் தூக்கிக்கொண்டு போவார், நான் 'பாத்து, பாத்து' என்று சொல்லிக்கொண்டே பின்னால் போவேன்.

நான் ராயபுரத்தில் ஒரு சரக்கு ஏஜென்ட் ஆபீசில் உட்கார்ந்து, கப்பலில் வரும் டன் கணக்கான சுமைகளைக் காகிதத்தில் ஏற்றி இறக்குகிறவன். வீட்டுக்கு வந்தால் படுத்துக்கொண்டு புத்தகம் படிப்பேன். உட்காருவதும் படுப்பதுமாக ஐம்பதை நெருங்கிய ஒரு முதுகு என்ன ஆகும் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்தது. தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கக் குனிந்தேன். இடுப்புக்கு மேலே ஏதோ பிடித்துக்கொண்டது. கேள்விக்குறி மாதிரி நின்றேன். மனைவி ஓடிவந்தாள், பதறினாள், போனை எடுத்தாள். சகலை வந்து முதலில் கேனை வைத்தார், பிறகு என்னைக் கட்டிலில் வைத்தார். இரண்டுக்கும் ஒரே அளவு சிரமம்தான் எடுத்துக்கொண்டார்.

"நல்லவேளை மாமா இருந்தாரு" என்றாள் மனைவி. வலியைவிட அது அதிக நாள் இருந்தது.

வலி குறைந்ததும் பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போனேன். முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, இங்கே தசைகள் வேலையை விட்டு ரொம்ப நாளாகிறது சார் என்றார். சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார். கொஞ்சம் தேறிய பிறகு ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்கச் சொன்னார். தொங்கத் தொங்க, ஒருநாள் உடம்பை மேலே இழுத்துவிடலாம் என்றார். இதற்குப் பெயர் புல்-அப்ஸ் என்று அவர் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. கடற்கரை ரோட்டுப் பூங்காவில் தினமும் காலையில் என் சகலை செய்வது அதுதான்.

அந்தக் கம்பியில் அவரைப் பார்க்கவேண்டும். கைகள் இரண்டும் மேலே போகும், சட்டைக்குள் முதுகு விரியும், தாடை கம்பியைத் தாண்டும். வாக்கிங் போகிறவர்கள் நின்று எண்ணுவார்கள். ஒருமுறை என் மனைவியும் நின்று எண்ணினாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு என்னை வைத்து அவள் எதையும் அப்படி வாய்விட்டு எண்ணிப் பார்த்ததில்லை, மாத்திரைகளைத் தவிர. நானும் போய்த் தொங்கினேன். தொங்குவதோடு கதை நின்றது.

"இன்னா சகல, துணி காயப் போட்ட மாதிரி கீறியே" என்றார் அவர். கூடவே, தொங்கினாலே போதும், முதுகு நீளும், அவசரப்படாதே என்று ஆறுதலும் சொன்னார். கேலியோடு நிறுத்தியிருந்தால் மன்னித்திருப்பேன்.

ஆகவே பூங்காவை விட்டுவிட்டு மொட்டைமாடிக்கு இடம் மாறினேன். தண்ணீர்த் தொட்டிக்கும் படிக்கட்டுச் சுவருக்கும் இடையே ஒரு பழைய இரும்புக் குழாய் பதித்திருந்தது. துணி உலர்த்தும் கொடி கட்டுவதற்காக யாரோ வைத்தது. யாருக்கும் தெரியாமல் பழகி, ஒருநாள் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவது என்று திட்டம். இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எவனும் வெளியில் கிடக்கும் இரும்பை நம்பமாட்டான். கடல் காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், கேட்டைத் தின்னும், சைக்கிளை நிறுத்தினால் அதையும் தின்னும். அது தெரிந்தும் நான் பார்த்ததெல்லாம் குழாயின் மேலிருந்த பச்சைப் பெயின்டை. மூன்றாம் நாள் குழாய் என் கையோடு வந்தது. உள்ளே வெறும் துருப்பொடி. நல்லவேளையாக உட்காரும் பாகத்தில் விழுந்தேன். சத்தம் கேட்டு மனைவி மேலே வந்தாள். கையில் போன்.

மறுநாள் சகலை வெல்டிங் மெஷினோடு வந்தார். புதிய குழாய், இரண்டு பக்கமும் தகடு, மேலே படகுக்கு அடிக்கும் சிவப்புப் பூச்சு. நான் எட்டிப் பிடிக்கும் உயரத்தை, என்னை நிற்கவைத்து அளந்தார். பழைய குழாயைப் பார்த்துவிட்டு, உன் மேல தப்பே இல்ல சகல, உப்புக்காத்து என்றார். அவரை வெறுக்க எனக்கு ஒரு வழியும் விட்டுவைக்கவில்லை.

அவர் போட்ட கம்பியில்தான் பழகினேன். ஸ்டூலில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேலே வைத்துக்கொண்டு, காலை எடுத்துவிட்டு, மெல்ல மெல்ல இறங்கவேண்டும். இறங்குவதற்கு எனக்கு யாரும் கற்றுத்தரவேண்டியிருக்கவில்லை. மழைக்காலம் போய்ப் பனி வந்த ஒரு காலையில், ஸ்டூல் இல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, மேலே போனேன். மனைவி வற்றல் தட்டோடு அப்போதுதான் மாடிக்கு வந்திருந்தாள். முழுவதையும் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததைக் கம்பிக்கு மேலிருந்து நானே கண்டேன்.

"மாமாகிட்ட சொல்லட்டா?" என்றாள்.

பொங்கலுக்கு முன்னால் பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கவேண்டியிருந்தது. நான் இறக்குகிறேன் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போனாள். அங்கிருந்து தாழ்ந்த குரல் கேட்டது.

"மாமா, அவரே எறக்கறேன்னு நிக்கறாரு. வேணாம்னா மூஞ்சைத் தூக்கி வச்சிப்பாரு. சும்மா வந்தா மாதிரி வாங்க. தூக்காதீங்க, கிட்ட நின்னாப் போதும்."

சகலை சும்மா வந்தார். நான் ஸ்டூலில் ஏறி அண்டாவை இழுத்து, காதுகளைப் பிடித்து, தோளுக்கு இறக்கி, மார்புக்கு இறக்கித் தரையில் வைத்தேன். முதுகு சொன்னபடி கேட்டது. அண்டாவுக்கு அடியில் வழி முழுக்க அவருடைய இடது கை ஒன்று, தொடாமல், கூடவே இறங்கி வந்தது. மனைவி டீ கொண்டுவந்து அவருக்கு முதலில் கொடுத்தாள்.

வாசல்வரை வழியனுப்பப் போனேன். படியில் நின்று அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அப்டியே நம்ம வூட்டு அண்டாவையும் எறக்கிக் குடுத்துட்டுப் போ சகல. வலது தோளு தூக்கவே மாட்டேங்குது. ரெண்டு வாரமா பார்க்குக் கம்பி பக்கமே போவல. வூட்ல அவளுக்குத் தெரியாது."

எனக்கு வந்தது இரக்கம் என்று எழுத ஆசைதான். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினேன். அவர் வீட்டில், போனைக் காதில் வைத்துக்கொண்டு சகலை வாசலுக்கு நகர்ந்துவிட்டார். அந்தப் பக்கம் யாரும் பேசியதாகத் தெரியவில்லை. அவர்கள் அண்டா எங்களுடையதைவிடப் பெரிது. இறக்கி வைத்தேன். மனைவியின் அக்கா அசந்துபோய் நின்றாள்.

"இன்னா தம்பி, இம்மாம் பெருச ஒத்த ஆளா எறக்கிட்டீங்க. என் தங்கச்சி குடுத்து வச்சவ" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் சகலை மட்டும்தான் நின்றிருந்தார். இதைக் கேட்டிருக்கவேண்டியவள் இரண்டு தெரு தள்ளி டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அக்காவிடம், இதைக் கொஞ்சம் போன் பண்ணிச் சொல்கிறீர்களா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. வீடு வந்து சேரும்வரை, கேட்டிருக்கலாமோ என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.